மஞ்சள் துணி கட்டிய கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனுஷனுக்கு இரண்டு விஷயத்தில் யாரும் புத்தி சொல்லக்கூடாது. ஒன்று, இரும்பு எப்போது பதமாக உருகியிருக்கிறது என்பது. இன்னொன்று, ஆயுத பூஜையை எப்படிச் செய்வது என்பது. அருணாச்சலம் மேஸ்திரிக்கு இரண்டிலும் தலைக்கனம் உண்டு. முதலாவதில் அது நியாயமான தலைக்கனம்தான். இரண்டாவதில்தான் 2008-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு கம்பெனியையே கவிழ்க்கப் பார்த்தார்.

கம்பெனி என்றால் பெரிய கம்பெனி இல்லை. பழவேற்காட்டில் தலைமுறையாக இறால் வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து இரும்புக்கு வந்தவர் ரஷீத் பாய். அவர் நடத்தும் ஃபவுண்டரி அது. ஒரு மின்சார உலை, ஒரு சின்ன லேப், நாற்பது பேர். பெரிய குழாய்களில் மாட்டும் வால்வுகளை வார்த்துக் கொடுப்பார்கள். அந்த வருஷம் கரண்ட் கட் போட்டு வாட்டியதில் ஒரு ஷிஃப்ட் நின்றுபோய், நாற்பதில் பதினெட்டு பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பதினெட்டு பேரையும் வேலையில் சேர்த்துவிட்டவர் மேஸ்திரி. காலையில் கவரைப்பேட்டையில் ரயில் ஏறும்போது, அவர்களில் ஒருவனான கோபால் தவறாமல் எதிரில் வந்து நிற்பான். எப்போது கூப்பிடுவார்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். மேஸ்திரி ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சென்னையில் ஒரு பெரிய வால்வு கம்பெனி ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. ஜெனரேட்டர் வைத்து ஓட்டினாலும் கட்டுப்படியாகிற ஆர்டர். அது வந்தால் பதினெட்டு பேரும் திரும்பி வரலாம். வராவிட்டால் மீதி இருபத்திரண்டு பேரும் எத்தனை நாள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கம்பெனியின் தரச் சோதனைக்காரர் ஜெரால்ட் வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. விஜயதசமி கழிந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வருவதாக ஏற்பாடு.

ஜெரால்ட் என்ன பார்ப்பார் என்று ஊருக்கே தெரியும். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவதற்கு ஒரு ஹீட் என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரை அதில் வார்த்த ஒவ்வொரு வால்வின் மேலும் மேஸ்திரி தன் கையாலேயே அச்சு வைத்துச் சுத்தியலால் அடிப்பார். ஜெரால்ட் யார்டில் கிடக்கிற ஏதாவது ஒரு வால்வைக் காலால் புரட்டி நம்பரைப் படிப்பார். இது என்றைக்கு உருக்கினது, கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கேட்பார். நின்ற இடத்தில் காட்ட வேண்டும். தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்ன கம்பெனிக்கு அவர் இரண்டாம் தடவை வந்ததாகச் சரித்திரம் இல்லை.

காட்ட வேண்டியவள் லேபில் இருந்த சுகிர்தா. பாலிடெக்னிக் முடித்தவள். அவள் அம்மா ரோசம்மாள் ஒரு காலத்தில் இதே சிப்காட் எழும்புவதற்கு முன் இங்கே நாற்று நட்டவள். சுகிர்தா வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்ததும் செய்த முதல் காரியம், எண்ணெய்க் கறை படிந்த ரிஜிஸ்டர் நோட்டுகளை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஹீட்டையும் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்ததுதான். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் எழுதினாளே தவிர, எழுதினது கம்ப்யூட்டருக்குள் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு மேஸ்திரி டீ கிளாஸோடு லேபுக்கே வந்துவிட்டார்.

"பொட்டிலதான் எழுதறே. ஆனா பொட்டிக்குள்ள இல்லன்றே. அப்ப எங்கதாம்மா கீது?"

எங்கேயோ தொலைவில், பெரிய பெரிய கூடங்களில், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள் சுகிர்தா. அதில் ஒரு மூலையை நமக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இன்டர்நெட் கம்பி வழியாக இங்கேயிருந்து எழுதினால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத எழுத இடத்தை அவர்களே கூட்டிக்கொடுப்பார்கள், வேண்டாமென்றால் குறைத்துக்கொள்ளலாம், உபயோகித்த அளவுக்குத்தான் வாடகை. மிஷின் வாங்குகிற செலவும் அதற்கு ஏசி போடுகிற தலைவலியும் அவர்களுடையது. இதற்கு மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

மேகம் என்ற பெயரே மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா மேகத்தை நம்பி வயல் கூலி வேலை பார்த்தவர். சுகிர்தா விடவில்லை.

"நம்ம உலைக்கு வர கரண்ட்டு எந்த ஊர்லருந்து வருதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களாண்ணா? சுவிட்சைப் போட்டா வருது. அதே மாதிரிதான் இதுவும்."

"சுவிட்சைப் போட்டா வருதா? இந்த வருஷமா?" என்றார் மேஸ்திரி.

அவளும் சிரித்துவிட்டாள். அந்தத் தொல்லை இதிலும் உண்டு என்று ஒப்புக்கொண்டாள். இன்டர்நெட் கம்பி அறுந்தால் பார்க்க முடியாது. ஆனால் கரண்ட் போனால் உலையில் இருக்கிற இரும்பு உறைந்து போகிற மாதிரி இது போகாது. கம்பி வந்ததும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, மூன்று வேறு ஊர்களில் மூன்று நகல். மேஸ்திரிக்கு முக்கால்வாசி புரிந்தது. புரியாத கால்வாசியை மற்றவர்களுக்குத் தானே விளக்கிச் சொல்ல ஆரம்பித்ததில் அதுவும் புரிந்த மாதிரி ஆகிவிட்டது.

ரஷீத் பாய்க்குத்தான் ஒப்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய வாப்பா ஒரு பெருநாள் சமயம், வந்த இறாலை எல்லாம் அடுத்தவர் ஐஸ் ரூமில் வாடகைக்கு வைத்தார். ஐஸ் ரூம்காரன் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். அந்த நாற்றம் பாயின் மூக்கில் இன்னும் இருந்தது. மூன்று ஊரில் மூன்று ஐஸ் ரூம் மாதிரி பாய், ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டில் இருக்கும், கதவுக்குச் சாவி நம்மிடம்தான் என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். பாய் கேட்டுக்கொண்டார், ஆனால் முடிவை மாற்றவில்லை. நம்முடைய கலவை நம்முடைய ரகசியம், ஜெரால்ட் வரும்போது அது யாரோ ஒருத்தன் வீட்டில் இருக்கக்கூடாது என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டு, வெளியே இருப்பதை அழித்துவிட வேண்டும். சரி பாய் என்றாள் சுகிர்தா.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாய் லேபுக்கு வந்து, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். "இனிமே நம்ம கம்பெனி உயிரு இதுக்குள்ளதான் கீது" என்றார். பாய் சொன்னதற்கு மனுஷன் யாரும் தப்பர்த்தம் பண்ண முடியாது. அருணாச்சலம் மேஸ்திரியும் பண்ணவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் ஆயுத பூஜை. சுகிர்தா ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பாய் வழக்கம்போல் பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் நின்று வந்தவர்களுக்குப் பொரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பூஜை மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். உலைக்கு மாலை போட்டார், கிரேனுக்குப் பட்டை போட்டார், சுத்தியலுக்குக்கூட பொட்டு வைத்தார். அப்புறம் லேபுக்குள் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தார். போன வருஷம் அதற்கு ஒரே ஒரு சந்தனப் பொட்டு. இந்த வருஷமும் ஒரு பொட்டோடு விட்டால் எப்படி? நாற்பது குடும்பத்தின் உயிர் இருக்கிற இடமாயிற்றே.

மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். முன்பக்கம் தெளித்தது போதவில்லை என்று பின்பக்கம் காற்று வரும் ஓட்டைகளுக்கும் தெளித்தார். தேங்காயை உடைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கை அதன் தலைக்கு விட்டார். சிடி வைக்கிற தட்டு வெளியே நீண்டிருந்தது, கடைசியாக எதையோ போட்டுப் பார்த்தவள் மூட மறந்திருக்க வேண்டும். அது கை நீட்டிப் பிரசாதம் கேட்கிற மாதிரியே இருந்தது அவருக்கு. அதில் சந்தனமும் குங்குமமும் வைத்து உள்ளே தள்ளினார். கடைசியில் ஒரு புது மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, கும்பிட்டு வெளியே வந்தார். இவ்வளவு நிறைவாக அவர் எந்தப் பூஜையும் செய்ததில்லை.

விஜயதசமிக்கு லீவு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரே முதல் ஆளாக வந்தார். மறுபூஜைக்குச் சூடம் காட்டி, துணியை அவிழ்த்தார். துணி இன்னும் ஈரம். சுகிர்தா எந்தப் பொத்தானை அமுக்குவாள் என்று பார்த்து வைத்திருந்தார். அவள் வருவதற்குள் தானே அதை எழுப்பி வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று அமுக்கினார். டப்பென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. இருபத்திரண்டு வருஷம் சூட்டோடு குடித்தனம் செய்தவருக்கு எது எரிகிறது என்று மோப்பத்திலேயே தெரியும். இது எரியக்கூடாதது என்று தெரிந்தது.

சுகிர்தா வந்து சிடி தட்டை இழுத்தாள். சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை போனில் பிடித்தாள். பெட்டியை சென்னைக்குக் கொண்டுவர வேண்டும், உள்ளே இருப்பது பிழைக்குமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் அவர். மணி ஒன்பது. பாய் வந்தார்.

"நான்தான் பாய்" என்றார் மேஸ்திரி. "கம்பெனி உயிரே இதுக்குள்ளன்னு சொன்னீங்க. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா பண்ணிட்டேன்."

பாய் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மேஸ்திரிக்குக் கோபாலின் முகம் ஞாபகம் வந்தது. இனி ரயில் எந்தப் பக்கம் வந்தாலும் முகத்தைத் திருப்ப இடமில்லை.

ஜெரால்ட் பத்து மணி என்றால் பத்து மணி. டீ வேண்டாம் என்றார், நேராக யார்டுக்குப் போனார். நாலு வால்வுகளைப் புரட்டி நாலு நம்பர்களைச் சின்ன நோட்டில் எழுதினார். லேபுக்கு வந்து, எரிந்த வாசனைக்கு மூக்கைச் சுளித்து, ரெக்கார்டு எங்கே என்றார். பாய் எழுந்து வாயைத் திறப்பதற்குள் சுகிர்தா முந்திக்கொண்டாள்.

"சார், உங்க லேப்டாப்பை ஒரு பத்து நிமிஷம் குடுக்கறீங்களா?"

ஜெரால்ட் இப்படி ஒரு பதிலை எந்தக் கம்பெனியிலும் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே கொடுத்துவிட்டார். அவள் செத்துப்போன பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த இன்டர்நெட் ஒயரை எடுத்து அதில் சொருகினாள். ஏதோ தட்டினாள், தன் சாவி வார்த்தையை அடித்தாள். ஜெரால்டின் சொந்த லேப்டாப்பில், இந்தக் கம்பெனியின் கணக்கை இதுவரை பார்த்தே இராத அந்தத் திரையில், ஒன்றரை வருஷத்து ஹீட்டுகளும் வரிசை வரிசையாக வந்து நின்றன.

பாய் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"பாய் அழிக்கச் சொன்னாரு சார். பெட்டியில ஒரு நகல் எடுத்து வெச்சேன். ஆனா வெளியில இருக்கறதை அழிக்க எனக்கு மனசு வரல. தப்பு என்னோடதுதான். அதுக்கு பாய் என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். நீங்க இதை மட்டும் பாத்துடுங்க."

ஜெரால்ட் பார்த்தார். நாலு நம்பரும் நாலு நொடியில் வந்தன. ஆனால் அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதே கூடத்தில் வேறு ஆயிரம் பேருடைய கணக்கும் இருக்குமே, அவர்கள் உங்களுடையதை எட்டிப் பார்த்தால் என்றார். ஒரே கட்டடத்தில் குடியிருந்தாலும் வீட்டுக்கு வீடு பூட்டு தனி சார், பூட்டை நல்லதாகப் போட்டுக்கொள்வது நம்ம பொறுப்பு என்றாள் அவள். அப்புறம் அவர் சந்தேகத்தின் அடிமடிக்கே வந்தார். நான் வருகிறேன் என்று தெரிந்து நேற்று உட்கார்ந்து நல்ல நல்ல எண்ணாகத் தட்டியிருக்கலாமே என்றார். சுகிர்தா இன்னொரு இடத்தைத் திறந்தாள். ஒவ்வொரு வரியும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் கையால் எழுதப்பட்டது, பின்னால் யாராவது திருத்தினார்களா என்பதை அந்தக் கூடத்துக்காரன் தானாகவே குறித்து வைத்திருந்தான். அதை இங்கேயிருந்து யாரும் மாற்ற முடியாது. பெட்டிக்குள் இருந்திருந்தால் சார் சொன்ன மாதிரி மாற்றியிருக்கலாம் என்று அவள் சொன்னபோது, ஜெரால்ட் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் நோட்டைப் புரட்டினார். "உங்க யார்டில் 862 இருக்கு, 864 இருக்கு. நடுவில் 863 எங்கே?"

வரிசையில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. ஜெரால்ட் அதைச் சத்தமாகப் படித்தார். கார்பன் அளவுக்கு மேல். வார்க்கவில்லை. உலை: அருணாச்சலம்.

"யாரு அருணாச்சலம்?"

எரித்தது போதாதென்று இது வேறா என்று நினைத்தபடி மேஸ்திரி முன்னால் வந்தார். ஏன் ஊற்றவில்லை என்று கேட்டார் ஜெரால்ட்.

"மாதிரி எடுத்துக் குடுத்தேன் சார். கார்பன் ஜாஸ்தின்னுச்சு இந்தப் பொண்ணு. ஊத்தியிருந்தா பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். குழாய்ல மாட்டி அழுத்தம் ஏறுனா பொளந்துக்கும். அதான் கட்டியா ஊத்தி ஆற வெச்சி, மறுபடி உலையிலயே போட்டுட்டேன். பாய்கிட்ட அப்புறம்தான் சொன்னேன்."

"பாய் என்ன சொன்னார்?"

"ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு சார்."

ஜெரால்ட் சிரித்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் சிரித்தார். நல்ல எண்களை எல்லாக் கம்பெனியும் காட்டுகிறது, கெட்ட எண்ணை மறைக்காமல் வைத்திருக்கிற கம்பெனியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். ஆர்டருக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். குறை என்று ஒன்றே ஒன்று எழுதினார். சாவி இந்தப் பெண் ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது, இவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், இன்னொரு நம்பகமான ஆளுக்கும் சாவி தர வேண்டும்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் பாய் சுகிர்தாவின் முன்னால் வந்து நின்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். "நான் சொன்னதைக் கேக்காம இருந்தியே, நல்லா இரும்மா" என்றார். இனிமேல் சொல்லாமல் செய்யாதே, சண்டை போட்டாவது சொல்லிவிட்டுச் செய் என்றும் சொன்னார். அப்புறம் இன்னொரு சாவி யாருக்கு என்று கேட்டார். தனக்கு என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் மேஸ்திரியைக் கை காட்டினாள். உருக்குகிறவர் அவர், அவருக்குத்தான் எந்த எண் எதற்கு என்று தெரியும் என்றாள். பாய் கொஞ்சம் யோசித்து, காலையில் நடந்ததையும் யோசித்து, சரி என்றார்.

பூஜை லீவு முடிந்து மதியம் திறந்த பக்கத்துக் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்து வைத்தார்கள். மேஸ்திரி எந்த நீரும் படாத தூரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. வால்வில் அடிக்கிற அச்சுகளிலிருந்து வந்தது. அச்சில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், அதனால் எழுத்துகளை நேராகப் பார்ப்பதே அவருக்குக் கொஞ்சம் புதுசு. ஒற்றை விரலால் தன் சாவி வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அச்சடிக்கிற பலத்தோடு அமுக்கினார். திறந்தது. சுகிர்தா மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினாள். கடைசிக் கட்டத்தில் உலை: அருணாச்சலம், உலை: அருணாச்சலம் என்று போய்க்கொண்டே இருந்தது.

"எல்லாத்துலயும் எம்பேரு எதுக்கும்மா?"

"நீங்கதானே உருக்கினீங்க. வேற யார் பேரைப் போடறது?"

எத்தனை தடவை என்று கேட்டார். எண்ணூறுக்கு மேலே என்றாள். அவர் வார்த்த வால்வுகள் எந்தெந்த ஊர்க் குழாயிலோ இருக்கின்றன. எதிலும் நம்பர் இருக்கும், பெயர் இருந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. உலைக்காரனுக்குக் கண் கலங்குவது வழக்கம்தானே என்று அவர் துடைத்துக்கொள்ளாமலே விட்டுவிட்டார்.

சாயந்திரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மகள் செண்பகத்துக்கு போன் போட்டார். தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். எங்கே நைனா, கம்பெனிச் சுவரிலா என்று கேட்டாள்.

"செவுத்துல இல்ல, பொட்டியிலயும் இல்ல. மூணு ஊர்ல கீது. ஒரு ஊரு முழுகிப் போனாலும் மீதி ரெண்டுல இருக்கும்."

வந்தால் காட்டுவீர்களா என்றாள். காட்டக்கூடாது, கம்பெனி ரகசியம், ஆனால் சாவி ஒன்று என்னிடம்தான் இருக்கிறது என்று, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கவரைப்பேட்டையில் இறங்கியபோது கோபால் எதிரில் வந்தான். காலையில் கேட்க முடியாமல் போனதைச் சாயந்திரமாவது கேட்டுவிடலாம் என்று நின்றிருப்பான்போல. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், மேஸ்திரி அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"திங்கக்கெழம காலைல வந்துடு" என்றார். "மீதிப் பதினேழு பேருக்கும் சொல்லிடு."